150 சிசியிலிருந்து மேலே: எப்போது, எவ்வளவு, எப்படி

"வண்டி ஓட்டக் கத்துக்கிட்டு எட்டு மாசம் ஆச்சு. 150 சிசி போரடிக்குது. 400க்குப் போகலாமா, நேரா 650 வாங்கிடலாமா?" புதிதாக ஓட்டுகிறவர்களின் கேள்வி அநேகமாக இந்த வடிவத்தில்தான் வரும். இதில் இரண்டு கோளாறு இருக்கிறது. அனுபவத்தை மாசக்கணக்கில் அளப்பது ஒன்று. வண்டியை சிசியில் அளப்பது இன்னொன்று.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோருக்கு இப்போது வேண்டாம். வேண்டும் என்கிற நிலை வந்த பிறகும் ஒரு படிதான் ஏற வேண்டும், இரண்டு படி தாண்டக் கூடாது. அந்த நிலை வந்துவிட்டதா என்பதை இப்போது கையில் இருக்கிற வண்டியை வைத்தே சோதித்துக்கொள்ளலாம்.

சிசியை விடுங்கள், எடையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எஞ்சின் 349 சிசி, பவர் 20 ஹெச்பி சொச்சம். கேடிஎம் 390 டியூக்கின் பழைய எஞ்சின் 373 சிசி, பவர் 43 ஹெச்பிக்கு மேல். சிசியில் வித்தியாசம் வெறும் 24, பவரில் இரண்டு மடங்குக்கும் கூடுதல். எடை கிளாசிக்குக்கு 195 கிலோ, டியூக்குக்கு 170 கிலோவை ஒட்டி. 75 கிலோ ஆள் ஒருவரை ஏற்றிவைத்து, ஒரு டன் எடைக்கு எத்தனை ஹெச்பி என்று போட்டுப் பார்த்தால் கிளாசிக் 75ஐத் தொடும், டியூக் 175ஐத் தாண்டும்.

இதே கணக்கில் இன்டர்செப்டர் 650 எங்கே வருகிறது பாருங்கள். 47 ஹெச்பி, 200 கிலோவுக்கு மேல் எடை. டன்னுக்கு 160 முதல் 170க்குள் நிற்கும். அதாவது இந்த 650, அந்த 390ஐவிடச் சாது. யமஹா ஆர்6 மாதிரியான 600 சிசி நாலு சிலிண்டர் வண்டியோ 120 ஹெச்பியை ஒட்டி, 190 கிலோ. டன்னுக்கு 450 வரும். 650ஐவிட 600 சின்ன வண்டிதானே என்று எவராவது சொன்னால் அவரிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

பவர் எவ்வளவு என்பதைப் போலவே அது எந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது) வருகிறது என்பதும் முக்கியம். கவாஸாகி இசட்650, யமஹா எம்டி-07 மாதிரியான இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் டார்க், அதாவது இழுவிசை, கீழ் ஆர்பிஎம்மிலிருந்தே சீராக ஏறும். கையை எவ்வளவு முறுக்கினால் எவ்வளவு இழுக்கும் என்பதை ஒரு வாரத்தில் ஊகித்துவிடலாம். ஆர்6 மாதிரியான 600 சூப்பர்ஸ்போர்ட்டின் குணம் வேறு. 6,000 ஆர்பிஎம் வரை பரமசாதுவாகப் போகும், 9,000க்கு மேல் வேறு வண்டியாகிவிடும். கீழே சாதுவாக இருந்ததை நம்பி முறுக்கின புது ஆள், முதல் கியரிலேயே 100 கி.மீ. வேகத்தைத் தாண்டியிருப்பார். புதியவர்களுக்கு இந்த வகை ஒத்துவராது என்று சொல்வதற்குக் காரணம் மொத்த பவர் மட்டுமல்ல, அது திடீரென்று வந்து இறங்குகிற விதமும்தான்.

வேகம் கூடினால் எது எவ்வளவு கூடும்

"கையில் கட்டுப்பாடு இருந்தா போதும், எவ்வளவு பவர் இருந்தா என்ன?" என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. மீதிப் பாதி இந்த எண்களில் இருக்கிறது.

காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர், நன்றாக பிரேக் பிடிக்கத் தெரிந்த ஆள். ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு 7 மீட்டர் என்ற அளவில் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கி.மீ.யில் போகும்போது ஆபத்தைப் பார்த்து கை பிரேக்குக்குப் போக ஒரு வினாடி ஆனால், அதற்குள் வண்டி 17 மீட்டர் போயிருக்கும். பிறகு நிற்க 20 மீட்டர். ஆக 37. அதே ஆள் 100 கி.மீ.யில் போனால் யோசிக்கிற நேரத்தில் 28 மீட்டர், நிற்க 55 மீட்டர், ஆக 83. வேகம் ஒன்றே முக்கால் மடங்குகூட ஆகவில்லை, தூரம் இரண்டேகால் மடங்கு ஆகிவிட்டது. பிரேக் பழகாத ஆளால் வினாடிக்கு 5 மீட்டர்தான் குறைக்க முடியும் என்றால், அவருக்கு அந்த 55 மீட்டர் 77 ஆகும்.

வளைவில் இன்னும் மோசம். 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை 60 கி.மீ.யில் எடுக்க வண்டியை ஏறக்குறைய 30 டிகிரி சாய்க்க வேண்டும். 72 கி.மீ.யில் எடுக்க 39 டிகிரி. 12 கி.மீ. வேகக் கூடுதலுக்கு 9 டிகிரி கூடுதல் சாய்வு. புதியவர்கள் பலருக்கு 25 டிகிரியைத் தாண்டினாலே உடம்பு இறுகிப்போகும், சாய்க்க மனசு வராது. டயரில் பிடிப்பு மிச்சமிருக்கும்போதே வண்டி வளைவுக்கு வெளியே ஓடுவது இதனால்தான். சின்ன வண்டியில் வளைவுக்குள் 60க்கு மேல் நுழைவதே சிரமம். பெரிய வண்டியில் வளைவுக்கு முந்தைய நூறு மீட்டர் நேர்ச்சாலையில் 90ஐத் தொட்டுவிடலாம், தொட்டது தெரியவும் தெரியாது. எஞ்சின் அலறாது, கைப்பிடி அதிராது. சின்ன வண்டி தன் வேகத்தைக் கத்திச் சொல்லும். பெரியது சொல்லாது.

ஹாரி ஹர்ட் தலைமையில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பழைய ஆய்வுதான், ஆனால் இந்த விஷயத்தில் அதில் ஒரு கண்டுபிடிப்பு அப்படியே பொருந்துகிறது. விபத்தில் சிக்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, விபத்தான அந்தக் குறிப்பிட்ட வண்டியில் ஐந்து மாத அனுபவம்கூடக் கிடையாது. ஆனால் மொத்தமாக சாலையில் ஓட்டிய அனுபவம் கிட்டத்தட்ட மூன்று வருஷம். பழைய கை, புது வண்டி. இன்னொன்று: தப்பிக்க அவர்களுக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு வினாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் பின் பிரேக்கை மிதித்துச் சக்கரத்தைச் சுழலாமல் பூட்டிவிட்டு, முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தாமல் விட்டிருக்கிறார்கள். இரண்டு வினாடியில் யோசிக்க நேரமில்லை, கை எதற்குப் பழகியிருக்கிறதோ அதைத்தான் செய்யும்.

அதனால் கேள்வியை இப்படி மாற்றிக் கேளுங்கள்: என் கை எதற்குப் பழகியிருக்கிறது?

இருக்கிற வண்டியிலேயே சோதனை

காலியான, காய்ந்த, மணலில்லாத தளம் வேண்டும். நூறு மீட்டர் நீளம் போதும். தலைக்கவசம், கையுறை, ஜாக்கெட், கணுக்காலை மூடும் ஷூ எல்லாம் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

முதலில் பிரேக். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். 40 கி.மீ. வேகத்தில் வந்து கோட்டில் பிரேக் பிடிக்கத் தொடங்கி, 10 மீட்டருக்குள் நிற்க வேண்டும். 50 கி.மீ. என்றால் 16 மீட்டர். தொடர்ந்து பத்து முறை செய்து ஒன்பது முறையாவது வர வேண்டும். அதிர்ஷ்டவசமாக ஒருமுறை வந்தது கணக்கில் சேராது. முதல் நாளே இந்த அளவை எட்ட முயல வேண்டாம். 30 கி.மீ.யில் தொடங்கி, லீவரில் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள்.

முன் லீவரை ஒரேயடியாகப் பிடுங்கக் கூடாது. முதலில் லேசாக இழுத்து, முன் போர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஸஸ்பென்ஷன் குழாய்கள்) கீழே அமுங்குவதை உணருங்கள். எடை முன் டயருக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு இறுக்கிக்கொண்டே போகலாம், எடை ஏற ஏற டயரின் பிடிப்பும் ஏறும். எடை வருவதற்கு முன்பே பிடுங்கினால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத வண்டியில் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டினால் அந்தக் கணமே விட்டுவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். பின் சக்கரம் பூட்டி வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் விலகிவிட்டால் விஷயம் தலைகீழ்: அங்கே பிரேக்கை விடக் கூடாது, நிற்கும்வரை மிதித்தபடியே இருக்க வேண்டும். கோணலாக இருக்கும்போது விட்டால் டயர் திடீரென்று தரையைப் பிடித்து, ஆளைத் தூக்கி எறிந்துவிடும். ஏபிஎஸ் இருந்தால் லீவர் துடிக்கும். துடிப்பை உணர்ந்து கையைத் தளர்த்துவதுதான் அங்கே வழக்கமான தவறு, இறுக்கியபடியே இருங்கள். கிளட்ச் முழுக்க உள்ளே, நிற்கும்போது முதல் கியர், பார்வை தூரத்தில். தரையைப் பார்த்தால் தரைக்கே போவோம்.

இரண்டாவது, மெதுவான யூ டர்ன். ஆறு மீட்டர் அகலத்துக்குள் இடப்பக்கமும் வலப்பக்கமும், கால் ஊன்றாமல். கிளட்ச்சைப் பாதி விட்டுப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் வைத்துக்கொண்டு, பின் பிரேக்கை மெல்ல மிதித்து வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். உடம்பு திருப்பத்துக்கு எதிர்ப்பக்கம், வண்டி மட்டும் உள்ளே சாயட்டும். தோளுக்குப் பின்னால் பாருங்கள். முன் பிரேக்கைத் தொடாதீர்கள், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது தொட்டால் வண்டி அப்படியே படுத்துவிடும். இந்தச் சோதனையைப் பலர் அலட்சியப்படுத்துவார்கள். பெரிய வண்டி வாங்கின முதல் மாசத்தில் கீழே போடுவது ஹைவேயில் அல்ல, பார்க்கிங்கிலும் வீட்டு வாசலிலும் நடை வேகத்தில்தான். 140 கிலோ வண்டி சாய ஆரம்பித்தால் காலால் தாங்கிக்கொள்ளலாம். 210 கிலோ ஒரு கோணத்தைத் தாண்டிவிட்டால் யாராலும் தாங்க முடியாது.

மூன்றாவது, விலகுதல். 35 முதல் 40 கி.மீ. வேகத்தில் வந்து, ஒரு தடையைச் சுற்றி இடமாகவோ வலமாகவோ சட்டென்று விலக வேண்டும். இந்த வேகத்தில் இடப்பக்கம் போக ஹேண்டிலின் இடது முனையை முன்னால் தள்ள வேண்டும். வலப்பக்கத்துக்கு வலது முனை. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் இரண்டு சக்கர வண்டி அப்படித்தான் சாயும். உடம்பைச் சாய்த்தே வளைத்துவிடலாம் என்று நினைப்பவர் 200 கிலோ வண்டியில் அதைச் செய்து பார்த்தால் வண்டி கேட்காது. விலகும்போது பிரேக் பிடிக்காதீர்கள். முதலில் பிரேக், பிறகு விலகல், அல்லது விலகிவிட்டு நிமிர்ந்த பிறகு பிரேக். ஹர்ட் அறிக்கையில் விபத்துக்காரர்களிடம் இந்தத் திறமை கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று இருக்கிறது.

வளைவுகளுக்குத் தனிச் சோதனை வேண்டாம், ஒன்றைக் கவனித்தால் போதும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கைத் தொடுகிறீர்களா? அடிக்கடி தொட்டால் நுழைவு வேகத்தை ஊகிக்க இன்னும் வரவில்லை. நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, கியரையும் இறக்கி, உள்ளே லேசாக ஆக்ஸிலரேட்டரைத் திறந்தபடி வெளியே வர வேண்டும். டயரின் ஓரம்வரை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பெருமைப்படுவது இன்னொரு ரகம். ஓரம் தேய்ந்த டயர் உங்களுக்கு சாய்க்க வரும் என்று காட்டலாம், நிறுத்த வரும் என்று காட்டாது.

கியர் இறக்குவதையும் பாருங்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது பின் சக்கரம் கீச்சிட்டு இழுத்தால், கிளட்ச்சை விடும் முன் ஆக்ஸிலரேட்டரை ஒரு சின்னத் தட்டு தட்டி ஆர்பிஎம்மை ஏற்ற நீங்கள் பழகவில்லை. இரட்டைச் சிலிண்டர் வண்டியில் எஞ்சின் பிரேக் பலம். ஈரச் சாலையில் இதே இழுப்பு பின் சக்கரத்தைச் சறுக்கவிடும். ஸ்லிப்பர் கிளட்ச் உள்ள வண்டி இந்தத் தவறை ஓரளவு மன்னிக்கும்.

இதெல்லாம் யோசிக்காமலே வருகிறது என்றால் அடுத்த பகுதிக்குப் போகலாம். வரவில்லை என்றால் இன்னும் சில ஆயிரம் கி.மீ. இதே வண்டியில் ஓட்டுவதுதான் உத்தமம், அதில் மழையும் இரவும் நீண்ட தூரமும் கலந்திருக்கட்டும்.

உண்மையிலேயே பவர் பத்தவில்லையா?

"பிக்கப் இல்லை" என்கிற வண்டிகளில் கணிசமானவற்றுக்கு எஞ்சின் மேல் குற்றமில்லை. டயரில் காற்று குறைவு, செயின் இறுகலாகவோ வறண்டோ இருப்பது, அடைத்துப்போன ஏர் ஃபில்டர், பிரேக் பேட் விடாமல் உரசுவது, கிளட்ச் கேபிளில் கொஞ்சமும் தளர்வு இல்லாததால் கிளட்ச் நழுவுவது, இவை ஒவ்வொன்றும் கொஞ்சம் பவரைத் தின்னும். வண்டியை நடு ஸ்டாண்டிலோ பேடாக் ஸ்டாண்டிலோ ஏற்றி, நியூட்ரலில் சக்கரங்களைக் கையால் சுழற்றிப் பாருங்கள். ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் நின்றால் எங்கோ உரசுகிறது. செயின் தளர்வு பல வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ., உங்கள் வண்டிக்கான அளவு பெரும்பாலும் ஸ்விங்ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் சட்டம்) ஒட்டின ஸ்டிக்கரில் இருக்கும். 500 முதல் 1,000 கி.மீ.க்கு ஒருமுறை சுத்தம் செய்து லூப் போட வேண்டும்.

அடுத்தது ஓட்டுகிற விதம். ஓவர்டேக்கில் திணறுகிறது என்பவரைக் கவனித்தால் பெரும்பாலும் டாப் கியரில், 4,000 ஆர்பிஎம்மில் முறுக்கிக்கொண்டிருப்பார். 150 சிசி எஞ்சினின் முழு பவர் பெரும்பாலும் 7,000, 8,000க்கு மேல்தான் இருக்கிறது. ஒன்றோ இரண்டோ கியர் இறக்கி, எஞ்சினைச் சுற்றவிட்டு, பிறகு ஏறினால் அதே வண்டி வேறு மாதிரி போகும். சின்ன எஞ்சினைச் சுற்றவிட்டால் கெட்டுவிடும் என்கிற பயம் தேவையில்லை, சூடேறிய எஞ்சினை ரெட்லைனுக்குள் (மீட்டரில் சிவப்புக் கோடு தொடங்கும் ஆர்பிஎம்) ஓட்ட அதைச் செய்தவர்களே அனுமதித்திருக்கிறார்கள்.

இன்னும் இழுப்பு வேண்டுமா? முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒரு பல் குறைத்துப் பாருங்கள். 15 பல்லுக்குப் பதில் 14 போட்டால் எல்லாக் கியரிலும் இழுப்பு 7 சதவீதம் போலக் கூடும். அதே வேகத்துக்கு ஆர்பிஎம்மும் 7 சதவீதம் கூடும், ஹைவேயில் எஞ்சின் அதிகம் கத்தும், மைலேஜ் கொஞ்சம் இறங்கும். ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து வேகத்தை எடுக்கும் வண்டிகளில் அது கூட்டிக் காட்டும். கம்பெனி டயருக்குப் பதில் நல்ல பிடிப்புள்ள டயர் போடுவதும், தேய்ந்த பிரேக் பேடையும் பழைய போர்க் ஆயிலையும் மாற்றுவதும் பவர் கூட்டாது, ஆனால் அதே பவரை அதிகம் பயன்படுத்த விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் வண்டி போதவில்லை என்றால் அது நியாயமான காரணம். மணிக்கணக்கில் ஹைவேயில் ரெட்லைனை ஒட்டியே ஓட்ட வேண்டியிருக்கிறது. பில்லியனும் (பின் சீட்டில் ஆள்) சுமையும் வைத்து மலையேறினால் இரண்டாம் கியருக்கு மேல் போகவில்லை. லாரியைத் தாண்ட எதிர்ச்சாலையில் நீண்ட நேரம் இருக்க வேண்டியிருக்கிறது. அதிர்வில் கை மரத்துப்போகிறது. இந்த மாதிரி இடங்களில் கூடுதல் பவர் பாதுகாப்பும்கூட. ஊருக்குள் தினமும் பத்து கி.மீ. ஓட்டிக்கொண்டு, நண்பன் வாங்கிவிட்டான் என்பதற்காக வாங்குவது இந்தப் பட்டியலில் வராது. ஆசைக்கு வாங்குவதும் தப்பில்லை, ஆனால் அதை ஆசை என்றே சொல்லிக்கொண்டு வாங்குங்கள்.

எவ்வளவு ஏறலாம்

என் கணக்கு: ஒரு முறைக்கு பவர் அதிகபட்சம் இரண்டு மடங்கு, அல்லது அதையொட்டி. 15 முதல் 20 ஹெச்பி ஓட்டுகிறவருக்கு அடுத்தது 30 முதல் 47 ஹெச்பிக்குள். 45 ஹெச்பி வகை நன்றாகப் பழகின பிறகு 70 ஹெச்பி வகை. 20இலிருந்து நேரே 100க்குப் போகிறவருக்கு நடுவில் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்க வாய்ப்பே கிடைக்காது.

படிப்படியாகத்தான் ஏற வேண்டும் என்பதைப் பல நாடுகள் சட்டமாகவே வைத்திருக்கின்றன. ஐரோப்பாவில் ஏ2 உரிமத்தின் வரம்பு 35 கிலோவாட், அதாவது 47 ஹெச்பி. கூடவே கிலோவுக்கு 0.2 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. அதை இரண்டு வருஷம் வைத்திருந்தால் வரம்பில்லாத உரிமத்துக்குப் போகலாம். ஹோண்டா சிபி500எஃப் மாதிரியான வண்டிகள் சரியாக 35 கிலோவாட்டில் வருவது தற்செயல் அல்ல. சிங்கப்பூரில் 200 சிசி, 400 சிசி, அதற்கு மேல் என்று மூன்று படி, ஒவ்வொன்றுக்கும் இடையில் குறைந்தது ஒரு வருஷம். ஆஸ்திரேலியாவில் புதியவர்கள் 660 சிசிக்கும், டன்னுக்கு 150 கிலோவாட்டுக்கும் மிகாத வண்டிகளைத்தான் ஓட்டலாம். அங்கே சிசியோடு எடையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். சட்டம் இப்படிக் கட்டுப்படுத்தாத இடத்தில் இருக்கிறீர்கள் என்றால் அந்த வேலையை நீங்களே செய்துகொள்ள வேண்டியதுதான்.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது ஷோரூமில் உட்கார்ந்து பார்ப்பது போதாது. எஞ்சினை அணைத்து, லேசான சரிவில் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்திப் பாருங்கள். ஒரு காலையாவது தட்டையாக ஊன்ற முடிய வேண்டும். ஹேண்டில் எவ்வளவு தூரம் திரும்புகிறது என்பதையும் பாருங்கள், ஸ்போர்ட் வண்டிகளில் இது குறைவு, நீங்கள் பழகின ஆறு மீட்டர் யூ டர்ன் அதில் வராது. ஏபிஎஸ் கட்டாயம். டிராக்‌ஷன் கன்ட்ரோலும் (பின் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) ரெயின் மோடும் (பவரை மென்மையாகத் தருவது) இருந்தால் நல்லது. சாதாரண ஏபிஎஸ் நேராகப் போகும்போதுதான் முழுசாகக் காப்பாற்றும். வண்டியின் சாய்வை அறியும் சென்சாரோடு வருகிற கார்னரிங் ஏபிஎஸ் வளைவிலும் உதவும், ஆனால் எந்த மின்னணுச் சாதனமும் அதிக வேகத்தில் வளைவுக்குள் நுழைந்தவரை மீட்காது.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாக. சின்ன வண்டிக்கு ஒரு லிட்டர் ஆயில் போதும், பெரியதற்குப் பெரும்பாலும் இரண்டரை முதல் நான்கு லிட்டர். பிளக் இரண்டோ நாலோ. வால்வ் கிளியரன்ஸ் பார்க்க டேங்க்கையும் ஏர்பாக்ஸையும் கழற்ற வேண்டியிருக்கும். மென்மையான ஸ்போர்ட் டயர் பல, பின் சக்கரத்தில் 10,000 கி.மீ.க்குள் தேய்ந்துவிடும். இன்ஷூரன்ஸும் ஏறும். இதையெல்லாம் தாங்கிய பிறகு நல்ல தலைக்கவசத்துக்கும் ஜாக்கெட்டுக்கும் பணம் மிஞ்சவில்லை என்றால், அந்த வண்டி உங்கள் கைக்கு மீறியது.

பழைய வண்டி வாங்குவதானால், வரும்வரை எஞ்சினைப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், ஆறிய எஞ்சின் எடுக்கும் விதம் பல விஷயத்தைச் சொல்லும். கீழே விழுந்ததை ஹேண்டில் முனை, லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட், எஞ்சின் கவர் ஓரம் ஆகியவற்றின் கீறல்கள் காட்டிக்கொடுக்கும். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பினால் நடுவில் கடக்கென்று நிற்கக் கூடாது, நின்றால் ஸ்டியரிங் பேரிங் போய்விட்டது. போர்க் குழாயில் எண்ணெய் வளையம், ஸ்ப்ராக்கெட் பற்கள் கொக்கியாக வளைந்திருப்பது, இவற்றையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. வரிப்பள்ளம் தேயாமல் நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வருஷம் ஆன டயர் இறுகிப்போயிருக்கும், மாற்றுகிற செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

கைக்கு வந்த பிறகு

ஐந்து மாதக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே லீவர்களை உங்கள் கைக்கு ஏற்பத் திருப்பிவையுங்கள், முன்கையும் விரல்களும் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஸஸ்பென்ஷன் தன் மொத்தப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி அமுங்க வேண்டும், இல்லையென்றால் பின் ப்ரீலோடை, அதாவது ஸ்ப்ரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை, திருத்துங்கள். டயர் புதிதாக இருந்தால் முதல் 150 கி.மீ. வரை சாய்க்காதீர்கள், மேல் பூச்சு தேயும்வரை வழுக்கும். எஞ்சின் புதிதாக இருந்தால் புத்தகத்தில் போட்டிருக்கும் ரன்னிங்-இன் வரம்பை மதியுங்கள், பெரும்பாலும் முதல் 1,000 கி.மீ. ஒரே ஆர்பிஎம்மில் நீண்ட நேரம் போகாமல் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். இந்தக் கட்டாயம் புது ஆளுக்கும் நல்லதுதான்.

சாலைக்குப் போகும் முன் மேலே சொன்ன பிரேக், யூ டர்ன், விலகல் மூன்றையும் காலி இடத்தில் முதலிலிருந்து செய்யுங்கள். பெரிய வண்டியின் முன் பிரேக்குக்கு ஒன்று அல்லது இரண்டு விரல் போதும். பழைய வண்டியில் நாலு விரலால் இழுத்த பழக்கத்தோடு இழுத்தால் அதிர்ந்துபோவீர்கள். ரெயின் மோடு இருந்தால் காய்ந்த சாலையிலும் முதல் சில வாரம் அதிலேயே ஓட்டலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

புதியவர்களைப் பெரிய வண்டி பிடித்துக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. கிளட்ச்சை விட்டதும் வண்டி எதிர்பார்த்ததைவிட வேகமாக இழுக்கும், உடம்பு பின்னால் சாயும், ஹேண்டிலைப் பிடித்துத் தொங்கும் கை தானாகவே ஆக்ஸிலரேட்டரை இன்னும் முறுக்கும், வண்டி இன்னும் இழுக்கும். 15 ஹெச்பியில் இது ஒரு குலுக்கலோடு முடிந்துவிடும். 70 ஹெச்பியில் எதிர்ச்சுவர் வரை போகும். இதற்கு மூன்று தற்காப்பு: முழங்காலால் டேங்க்கை இறுக்கிக்கொண்டு கை தளர்வாக இருப்பது, மணிக்கட்டு கைப்பிடிக்கு மேலே ஏறி நிற்காமல் தாழ்ந்திருக்கும்படி பிடிப்பது, மெதுவாகப் போகும்போதெல்லாம் இரண்டு விரல் கிளட்ச் லீவரில் இருப்பது. எது நடந்தாலும் கிளட்ச்சைப் பிடித்தால் பவர் நின்றுவிடும், எஞ்சின் கத்தினால் கத்தட்டும்.

முதல் இரண்டு மாதம் பில்லியன் வேண்டாம். உங்களைவிட வேகமான குழுவோடு ரைடு போவதும் வேண்டாம், அவர்கள் எடுத்த வளைவை அவர்கள் எடுத்த வேகத்திலேயே எடுக்கச் சொல்லி மனசு தள்ளும்.

கீழே போட்டுவிட்டால் பதறித் தூக்காதீர்கள். முதலில் கில் ஸ்விட்ச்சால் எஞ்சினை அணையுங்கள். உருளாமல் இருக்க முதல் கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை வெளியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நிமிர்த்தின வேகத்தில் மறுபக்கம் போய்விடும். வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பைச் சீட் ஓரத்தில் பதித்து, ஹேண்டிலைத் தரைப்பக்கமாக முழுக்கத் திருப்பி அதன் கைப்பிடியை ஒரு கையாலும், பின்னால் உறுதியான கம்பியை மறு கையாலும் பிடித்து, முதுகை வளைக்காமல் கால்களால் பின்னோக்கி நடந்தபடி எழுப்புங்கள். 200 கிலோவைக் கைகளால் தூக்கப் பார்த்தால் முதுகுதான் போகும்.

பழைய வண்டியை உடனே விற்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றால் வைத்திருங்கள். கடைக்கும் பக்கத்துத் தெருவுக்கும் அதுவே போகட்டும். பெரிய எஞ்சினை மூன்று கி.மீ. ஓட்டி அணைத்துக்கொண்டே இருந்தால் ஆயில் முழுச் சூட்டுக்கு வராது, உள்ளே சேரும் ஈரமும் எரிபொருளும் ஆவியாகாமல் ஆயிலிலேயே கலந்து கெடுக்கும், பேட்டரியும் ஸ்டார்ட் செய்யக் கொடுத்ததைத் திரும்பப் பெறாது. வாரத்துக்கு ஒருமுறையாவது அதை அரைமணி நேரம் நன்றாகச் சூடேறும்படி வெளியே எடுத்துப் போங்கள்.